கல்லாப்பெட்டிக்குத் தெரியாத கணக்கு

2024 பிப்ரவரி கடைசி. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஒரு மலையாளப் படம் மலையாளத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் ரசிகர்களைக் கூட்டி வரும்படியான பெரிய ஸ்டார் யாரும் அதில் இல்லை. ஆனால், குழிக்குள் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் மேலே தூக்கி வரும் நேரத்தில், 32 வருடங்களுக்கு முந்தைய தமிழ்ப் பாட்டு ஒன்று கேட்டதும், தியேட்டரே விசிலும் கைதட்டலுமாக அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. பாட்டு, ‘குணா’வில் வரும் அந்தக் கடிதப் பாட்டு. கொச்சிப் பக்கமிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் 2006-ல் குணா குகையின் பள்ளத்தில் விழுந்து, இன்னொரு நண்பரால் மீட்கப்பட்ட உண்மைச் சம்பவம்தான் கதை. உலகம் முழுக்க 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம் இது. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த 200 கோடிக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்த ‘குணா’, வந்த காலத்தில் பெரிய வசூல் படம் இல்லை.

ஒரே தீபாவளி, இரண்டு படங்கள்

1991 நவம்பர் 5, தீபாவளி. மணிரத்னம் இயக்கத்தில் ரஜினியும் மம்மூட்டியும் நடித்த ‘தளபதி’ ஒரு பக்கம். சந்தான பாரதி இயக்கத்தில் கமல் நடித்த ‘குணா’ இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இசை இளையராஜா. பந்தயத்தில் ஜெயித்தது ‘தளபதி’. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

‘குணா’ அப்படிப்பட்ட கதையும் இல்லை. மனம் பேதலித்த ஒருவன், அபிராமியே தனக்கு மனைவியாக வருவாள் என்று நம்புகிறான். ஒரு பெண்ணைப் பார்த்து அவள்தான் அபிராமி என்று முடிவு செய்து, மலைக்குகைக்குக் கடத்திக்கொண்டு போகிறான். காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு தியேட்டருக்கு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கனம்தான்.

ஆனால், அந்தப் படம் போகும்போது சில பொருட்களை விட்டுவிட்டுப் போனது. ஒன்று, ஓர் ஊர்ப்பெயர். ஆங்கிலேயர் காலத்திலிருந்து ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று அழைக்கப்பட்ட இடம், ‘குணா குகை’ ஆனது. இதற்கு அரசாங்கம் ஆணை போடவில்லை. வேன் டிரைவர்களும், கைடுகளும், மிளகாய்ப்பொடி தடவி மாங்காய் விற்பவர்களும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. இன்னொன்று, அந்தப் பாட்டு. எழுதத் தெரியாத ஒருவன் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதும் காதல் கடிதம். டேப் ரெக்கார்டர் காலத்தில் தேய்ந்து, எஃப்.எம். காலத்தில் இரவு நேரப் பாட்டாகி, செல்போன் காலத்தில் காலர் டியூனாகவும் வந்தது. கடைசியில், காதலர்கள் பாடிய பாட்டு கேரளத்து நண்பர்களின் பாட்டாக மாறி மறுபடி தியேட்டருக்குள் நுழைந்தது.

அதற்காக ‘தளபதி’யை மக்கள் மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். சூர்யாவும் தேவாவும் இன்றைக்கும் நட்புக்கு உதாரணம். பி.பி.சி. உலக சேவை 2002-ல் நடத்திய வாக்கெடுப்பில், உலகின் முதல் பத்துப் பாடல்களில் நான்காவதாக வந்தது அந்தப் படத்தின் ராக்கம்மா பாட்டு. ஆக, வசூல் நினைவுக்கு எதிரி இல்லை, உத்தரவாதமும் இல்லை. ‘தளபதி’க்கு இரண்டும் கிடைத்தன. ‘குணா’வுக்கு ஒன்று மட்டும், அதுவும் தாமதமாகக் கிடைத்தது. முதல் வார வசூலைப் பார்த்து இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நாள் கணக்கு போய், கோடிக் கணக்கு

ஒரு காலத்தில் ‘எவ்வளவு வசூல்?’ என்று தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தர்களும்தான் கேட்டுக்கொள்வார்கள். ரசிகர்கள் கேட்டது, ‘எத்தனை நாள் ஓடியது?’ என்றுதான்.

1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போனார். படம் நிற்கவில்லை. 1989-ல் ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது. 2005-ல் ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள். தயாரித்த சிவாஜி குடும்பத்தின் சொந்தத் தியேட்டர் அது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும், தமிழ்நாட்டில் அந்தப் படத்தைப் பார்க்காத வீடு அன்றைக்கு இல்லை.

நாள் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. நூறு நாள் ஓட வேண்டுமானால், பார்த்தவர்கள் மறுபடி வர வேண்டும். போய்ப் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும். நகரத்தில் ஓடி முடித்து, சின்ன ஊர்களுக்குப் பெட்டி வரும்போது, அங்கே பாட்டும் வசனமும் முன்னாலேயே வந்து காத்திருக்கும். நாள் ஏற ஏற, படம் ஜனங்களின் பேச்சில் ஊறிக்கொண்டே போகும். வெற்றியும் நினைவும் அன்றைக்கு ஏறக்குறைய ஒரே அடுப்பில் வெந்தன.

இப்போது பெரிய படம் என்றால் மாநிலத்தின் பெரும்பாலான தியேட்டர்களில் ஒரே நாளில் இறங்குகிறது. வசூலில் பெரும்பங்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறிலேயே வந்துவிடுகிறது. நாலு வாரத்தில் படம் ஓடிடிக்குப் போய்விடுகிறது. இந்த முதல் மூன்று நாள் கூட்டம் எதை அளக்கிறது என்று யோசித்தால் விஷயம் புரியும். அது படத்தின் மேல் வந்த கூட்டம் இல்லை. படம் வருவதற்கு முன்பே நடிகர் மேலும், டிரெய்லர் மேலும், பாட்டு மேலும் வைத்த எதிர்பார்ப்பின் கூட்டம். கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணுவது போல. சாம்பார் எப்படி இருந்தது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது.

தவிர, கோடிகளை ஒப்பிடுவதும் சரிப்படாது. அணாக் கணக்கில் டிக்கெட் விற்ற ‘ஹரிதாஸை’யும், மூன்று இலக்க விலையில் டிக்கெட் விற்கும் இன்றைய படத்தையும் ஒரே தராசில் எப்படி வைப்பது? ஆனால், ‘ஹரிதாஸ்’ விட்டுப்போன ‘மன்மத லீலை’ என்ற இரண்டு வார்த்தைகளின் விலை மட்டும் குறையவில்லை. அதையே தலைப்பாக வைத்து 1976-ல் கே.பாலசந்தர் ஒரு படம் எடுத்தார். 2022-ல் வெங்கட் பிரபு இன்னொன்று எடுத்தார். ‘ஹரிதாஸை’ முழுதாகப் பார்த்தவர்கள் இன்று மிகக் குறைவு. அந்த வார்த்தைகளைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு.

கையில் எடுத்துக்கொண்டு போவது

தியேட்டரை விட்டு வெளியே வருபவர் கையில் படம் எதைக் கொடுத்து அனுப்புகிறது? நினைவில் நிற்பதும் நிற்காததும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான். அது தினசரி வாழ்க்கையில் பயன்படுகிற பொருளாக இருக்க வேண்டும். ஒரு பெயர், ஒரு சைகை, சண்டையில் சொல்ல ஒரு வார்த்தை, வலியில் சிரிக்க ஒரு காட்சி.

2001 பொங்கலுக்கு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ நல்ல வெற்றிப் படம். விஜய், சூர்யா இருவரும் நடித்தது. ஆனால், 18 வருடம் கழித்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது நாயகர்கள் இல்லை. தலையில் சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணி. 2019 மே கடைசியில், பாகிஸ்தானிலிருந்து இயங்கிய ஒரு சிவில் இன்ஜினீயரிங் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டது. ஒரு தமிழர் பதில் சொல்லப்போய், நேசமணி பெயரை இழுத்துவிட, அவருக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. மறுநாள் டெல்லியில் பிரதமர் பதவியேற்பு. தமிழ்நாடோ நேசமணி கண் விழிப்பாரா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தது!

2003 பொங்கலையும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு வசூலில் ஜெயித்தது விக்ரம் நடித்த ‘தூள்’. கமலும் மாதவனும் நடித்த ‘அன்பே சிவம்’ தோற்றது. பிறகு டி.வி.யில் போடப்போட, ‘அன்பே சிவம்’ வீட்டுக்கு வீடு ஆள் சேர்த்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, ‘சுனாமி என்ற வார்த்தையை இந்தப் படத்தில் கமல் முன்னமே சொன்னாரே’ என்று பேசாதவர்கள் இல்லை. இன்றைக்கும் முன்பின் தெரியாதவருக்கு யாராவது ஓடிப்போய் உதவிய செய்தி வந்தால், அதன் கீழே யாராவது ஒருவர் எழுதுவது அந்தப் படத்தின் பெயரைத்தான். ‘தூள்’ மட்டும் வெறுங்கையோடு போகவில்லை. பரவை முனியம்மாவின் குரலைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

அதே 2003-ல், ‘அன்பே சிவம்’ எடுத்த அதே சுந்தர்.சி, ‘வின்னர்’ எடுத்தார். அதில் வடிவேலுவின் கைப்புள்ளயும், அவர் தலைமையிலான ‘வருத்தப்படாத வாலிபர் சங்க’மும் இன்றுவரை ஓய்வு பெறவில்லை. பரீட்சையில் கோட்டை விட்ட பையன் முதல் தேர்தலில் டெபாசிட் இழந்த வேட்பாளர் வரை, கைப்புள்ளயின் முகம் எல்லோருக்கும் பொருந்துகிறது. அடி வாங்கிவிட்டு அடித்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டிய நிலைமை எல்லா வீட்டிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறதே!

மாறாக, ‘2.0’ (2018), ‘எந்திரன்’ (2010) படத்தைவிட மிக அதிகமாக வசூலித்தது. ஆனால், வீட்டில் குழந்தை ஒரு ரோபோ பொம்மையை வாங்கினால், அதற்கு வைக்கும் பெயர் முதல் படத்தில் பிறந்த சிட்டிதான். இரண்டாவது படம் கண்ணை நிறைத்தது. வாய்க்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை.

திரும்பி வரும் பாதை

அப்படியென்றால், மக்கள் மனதில் நிற்பதை மறுபடி காசாக்கிவிடலாமா? சினிமாக்காரர்கள் பல முறை முயற்சி செய்து பார்த்துவிட்டார்கள். பதில் இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது.

‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்ற பெயரை எடுத்து 2013-ல் பொன்ராம் இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடித்தார். படம் பெரிய வெற்றி. 2006-ல் வந்த ‘தலைநகரம்’ படத்தின் நாய் சேகருக்கு அந்த யோகம் இல்லை. மீம்ஸ் உலகில் அசைக்க முடியாத பெயர் அது. அந்தப் பெயரை 2022-ல் இரண்டு படங்கள் போட்டி போட்டு வைத்துக்கொண்டன. அசல் நாய் சேகரான வடிவேலுவே, ‘தலைநகரம்’ எடுத்த சுராஜ் இயக்கத்தில், ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் திரும்பி வந்தார். மக்கள் சிரிக்கத் தயாராகத்தான் போனார்கள். படம் சீக்கிரமே தியேட்டரை விட்டுப் போய்விட்டது. போன பிறகும் பழைய நாய் சேகர் மீம்ஸ் நிற்கவில்லை.

ரீ-ரிலீஸ் இன்னொரு கதை. 2004-ல் வெற்றி பெற்ற ‘கில்லி’, 2024-ல் மறுபடி வந்து மறுபடி வென்றது. 2005 சித்திரை முதல் நாளில் ‘சந்திரமுகி’யோடு மோதி அதன் நிழலில் நின்ற ‘சச்சின்’, 2025-ல் மறுபடி வந்தபோது ஆட்டம் போட்டுக் கொண்டாடப்பட்டது. முதல் ரிலீஸில் அந்த ரசிகர்களில் பலர் பால்வாடியில் இருந்தார்கள். டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்து மனப்பாடம் செய்த படத்தை, கூட்டத்தோடு கத்திக்கொண்டே பார்க்க வந்தவர்கள் அவர்கள். முதல் தடவை டிக்கெட் விற்றது எதிர்பார்ப்பு. இரண்டாம் தடவை விற்றது நினைவு.

பாராட்டு வட்டி கட்டாது

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்படியானால் வசூல் முக்கியமில்லை, காலம்தான் நீதிபதி’ என்று ஒருவர் சொன்னால், அவர் கடன் வாங்கிப் படம் எடுத்ததில்லை என்று அர்த்தம்.

ஒரு தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கிய பணம் ஒவ்வொரு மாதமும் வாசலில் வந்து நிற்கும். ‘இருபது வருடம் கழித்து இதைக் காவியம் என்பார்கள்’ என்று சொல்லி அவரால் ஃபைனான்ஸியரைத் திருப்பி அனுப்ப முடியாது. தோற்ற படத்துக்குப் பின்னால் வாய்ப்பு நின்றுபோன இயக்குநர்கள், வாங்கிய விலை கைக்கு வராத விநியோகஸ்தர்கள், சம்பளம் பாக்கி நின்ற உதவியாளர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பின்னால் வரும் புகழ் அவர்கள் வீட்டு முகவரிக்கு வருவதில்லை. வசூல் படத்தைச் செய்தவர்களுக்குச் சோறு. நினைவு பார்த்தவர்களுக்குச் சொத்து. இரண்டும் வேறு வேறு ஆட்களுக்குப் போய்ச் சேருவதுதான் இதில் உள்ள கசப்பு.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ விஷயத்திலேயே அது வெளிப்பட்டது. படம் ஓடி முடிந்தபின், 2024 மே மாதத்தில் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருக்கும் ஆடியோ நிறுவனங்களிடம் முறையாக அனுமதி வாங்கித்தான் பாட்டைப் பயன்படுத்தினோம் என்றது படத்தரப்பு. சட்டம் யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பாட்டு 32 வருடம் உயிரோடு இருந்தால், அதன் பலன் யாருக்கு என்ற கேள்வி நியாயமானது. மீம்ஸில் தினமும் வேலைக்கு வரும் வடிவேலுவின் முகத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

நிற்பதெல்லாம் நல்லதா?

இன்னொரு பக்கமும் உண்டு. மக்கள் எதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதை எடுத்தவராலும் தீர்மானிக்க முடியாது. 2023-ல் வந்த மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’, சாதிக் கொடுமைக்கு எதிரான படம். ஓடிடிக்கு வந்தபின், சமூக வலைதளங்களில் சிலர் தூக்கிக் கொண்டாடியது, ஃபகத் ஃபாசில் நடித்த சாதி வெறி பிடித்த ரத்னவேலுவை! அவர் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளைச் சேர்த்து ஓடவிட்டார்கள்.

அதேபோல, கறுப்பு நிறத்தையும் உடல் பருமனையும் வழுக்கையையும் கேலி செய்த பழைய காமெடிகளும் சாகவில்லை. பள்ளிக்கூடப் பேருந்தில் ஒரு பையனுக்குப் பட்டப்பெயராக அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே ஓடி முடித்த படமாக இருக்கும். நீண்ட ஆயுள் என்பது தரத்துக்கான சான்றிதழ் இல்லை. ‘கரகாட்டக்கார’னின் இரண்டு வாழைப்பழம்போல யார் மனதையும் நோகடிக்காமல் தலைமுறை தாண்டுகிற காமெடி அரிது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோடிகளின் போஸ்டர் வரத்தான் செய்யும். இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் அதை வைத்துச் செல்போனில் சண்டை போடத்தான் செய்வார்கள். அடுத்த போஸ்டர் வந்ததும் முந்தைய எண் மறந்துபோகும். ‘தளபதி’யும் ‘குணா’வும் அந்தத் தீபாவளிக்கு எவ்வளவு வசூலித்தன என்று இன்றைக்கு யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

கொடைக்கானலில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில், பாதிப் பேர் ‘குணா’ படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அதற்காக வேன் டிரைவர் ‘டெவில்ஸ் கிச்சன் வந்தாச்சு’ என்று சொல்லப்போவதில்லை. ‘குணா குகை வந்தாச்சு, இறங்குங்க’ என்பார்.